காய்ச்சலுக்கு ஆறுதல் எழுதியவர்: மெகிதார் ஹெராட்சியும் அவருடைய 1184ஆம் ஆண்டு நூலும்

ஆர்மீனியாவுக்கு எம்பிபிஎஸ் படிக்கப் போகும் இந்திய மாணவர்கள் பலர் சேரும் இடம், யெரெவான் நகரிலுள்ள மெகிதார் ஹெராட்சி அரசு மருத்துவப் பல்கலைக்கழகம். சேர்க்கை விளம்பரங்களில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "யார் இந்த ஹெராட்சி?" என்று இணையத்தில் தேடுபவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, அவர் ஆர்மீனிய மருத்துவத்தின் தந்தை. இரண்டு, நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்பதை 12ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்தவர்.

முதல் பதிலில் பெரிய தவறில்லை. இரண்டாவது பதில் அவரைப் புகழ்வது போலத் தெரிந்தாலும், அவர் உண்மையில் செய்த காரியத்தை மறைத்துவிடுகிறது. அதைப் புரிந்துகொள்ள, பெயரிலிருந்து தொடங்கி, அவர் காலத்துக் காய்ச்சல் கொள்கை வரை படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

பெயருக்குள் இருக்கும் ஊர்

நம்மில் பலர் ஊர்ப்பெயரைப் பெயருக்கு முன்னால் வைப்போம். ஆர்மீனியர்கள் பின்னால் வைப்பார்கள். "-அட்சி" என்று முடியும் பெயர்ப்பகுதி "அந்த ஊர்க்காரர்" என்று பொருள்படும். ஹெராட்சி என்றால் ஹேர் ஊர்க்காரர். ஹேர் என்பது இன்றைய ஈரானின் வடமேற்கு மூலையில் இருக்கும் கோய் நகரம். ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மெகிதார் என்பது ஆர்மீனியர்களிடையே பரவலாக இருந்த பெயர். "ஆறுதல் தருபவர்" என்று அர்த்தம். இதே பெயரில் இன்னும் இருவர் வரலாற்றில் இருப்பதால் குழப்பம் வரும்:

1. மெகிதார் கோஷ். இவரும் 12ஆம் நூற்றாண்டுக்காரர்தான். ஆர்மீனியச் சட்டத் தொகுப்பை எழுதியவர், வைத்தியர் அல்ல.
2. மெகிதார் செபஸ்தாட்சி. 1676 முதல் 1749 வரை வாழ்ந்த துறவி. மெகிதாரிய துறவியர் சபையைத் தொடங்கி, பின்னர் அதை வெனிஸ் அருகே சான் லாசரோ தீவில் நிலைபெறச் செய்தவர். நம் வைத்தியரின் கதையில் இந்தச் சபை பின்னால் ஒருமுறை வரும்.

நாட்டை இழந்த மக்கள், சதுப்பு நிலம்

ஹெராட்சி பிறந்தது 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். அதற்குள் ஆர்மீனியர்களின் பழைய தாயகத்தில் பெரிய அரசு என்று ஒன்று இருக்கவில்லை. தலைநகர் ஆனி 1045இல் பைசாந்தியப் பேரரசிடம் போனது. 1064இல் செல்ஜுக் துருக்கியர் அதைப் பிடித்தார்கள். பெருந்திரளான ஆர்மீனியர்கள் தென்மேற்கே நகர்ந்து, மத்தியதரைக் கடலோரம் சிலிசியா என்ற பகுதியில் புதிய ஆட்சியை உருவாக்கினார்கள். இன்று அது துருக்கியின் அதனா வட்டாரம். 1198இல் அங்கே முதலாம் லெவோன் மன்னராக முடிசூடினார்.

ஆர்மீனியத் திருச்சபையின் தலைவருக்குக் கத்தோலிக்கோஸ் என்று பெயர். அவருடைய பீடம் அப்போது யூப்ரடீஸ் நதிக்கரையில் ஹ்ரோம்க்லா என்ற கோட்டையில் இருந்தது. கல்வி, நூல் எழுதுதல், படியெடுத்தல் எல்லாம் அந்தப் பீடத்தையும் மடாலயங்களையும் சுற்றியே நடந்தன. ஹேரிலிருந்து வந்த மெகிதார் இந்தச் சிலிசிய உலகத்தில்தான் வைத்தியராகப் பெயர் எடுத்தார். இரண்டு கத்தோலிக்கோஸ்களோடு அவருக்கு நெருக்கம் இருந்தது. ஒருவர் கவிஞரான நெர்செஸ் ஷ்னோர்ஹாலி. வானத்தையும் அதன் அணிகளான கோள்கள், விண்மீன்களையும் பற்றிய ஒரு கவிதையை, வைத்தியர் மெகிதார் கேட்டுக்கொண்டதற்காகவே அவர் எழுதினார். நெர்செஸ் 1173இல் மறைந்தபின் வந்த கிரிகோர், மருத்துவ நூல் எழுதும்படி மெகிதாரைத் தூண்டினார்.

ஏன் காய்ச்சல் பற்றி? சிலிசியச் சமவெளியின் நில அமைப்பைப் பார்த்தால் விளங்கும். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் கடலருகே தேங்கிச் சதுப்பாகும் நிலம் அது. 20ஆம் நூற்றாண்டு வரைகூட மலேரியாவுக்குப் பேர்போன சமவெளி. உயரமான மலைநாட்டிலிருந்து அங்கே குடியேறிய மக்களுக்குக் காய்ச்சல் அன்றாடப் பயமாக இருந்திருக்கும். ஒரு வைத்தியர் தன் பெரிய நூலை முழுக்கக் காய்ச்சலுக்கே ஒதுக்குவது அந்த இடத்துக்கு மிகவும் பொருந்துகிறது.

இருந்தது என்ன, இல்லாதது என்ன

நூலின் பெயர் "ஜெர்மான்ட்ஸ் மெகிதாருத்யுன்". "காய்ச்சல்களுக்கு ஆறுதல்" என்று தமிழில் சொல்லலாம். 1184இல் எழுதப்பட்டது. 46 அத்தியாயங்கள்.

முன்னுரையில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் சில வரிகள் மிக முக்கியமானவை. சிறுவயது முதல் மருத்துவக் கலையில் நாட்டம் கொண்டவர் என்றும், அரபு, பாரசீக, கிரேக்கக் கல்வியில் பயிற்சி பெற்றவர் என்றும் அறிமுகம் செய்துகொள்கிறார். பிறகு ஒரு குறையைச் சொல்கிறார்: அந்த மொழி நூல்களில் நோயின் போக்கை முன்கூட்டியே கணிக்கும் கலை நிறைவாக இருக்கிறது, ஆர்மீனிய மொழியில் தேடினால் அது கிடைக்கவில்லை, சிகிச்சை முறைகள் மட்டுமே கிடைக்கின்றன.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சிகிச்சைக் குறிப்பு என்பது "இந்த நோய்க்கு இந்த மருந்து" என்ற வகை. முன்கணிப்பு வேறு. இந்தக் காய்ச்சல் எந்த வகை, நாளைக்கு ஏறுமா இறங்குமா, எந்த நாளில் திரும்பும், நோயாளி பிழைப்பாரா, எதைக் கொடுத்தால் கேடு வரும் என்பதையெல்லாம் அறிகுறிகளை வைத்துச் சொல்லும் திறமை அது. மருந்துப் பட்டியல் மட்டும் கையில் உள்ள வைத்தியருக்கு, நோயாளி பட்டியலில் இருப்பது போல நடந்துகொள்ளாதபோது வழி தெரியாது. முன்கணிப்பு தெரிந்தவர் யோசிக்க முடியும். தன் மொழியில் மருந்து இருக்கிறது, மருத்துவ யோசனை இல்லை என்று கண்டு, அந்த இடைவெளியை நிரப்ப உட்கார்ந்தார் ஹெராட்சி. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

அன்றைய அடிப்படை: நான்கு நீர்மங்கள்

அவர் கற்ற மருத்துவம் கிரேக்கத்தில் ஹிப்போக்ரட்டீஸ், கேலன் வழியாக வளர்ந்து, அரபு மொழியில் அல்-ராசி, இப்னு சீனா போன்றவர்களால் விரிவானது. இந்தியாவில் யுனானி என்று நமக்குத் தெரிந்த மருத்துவமும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அதன்படி உடலில் நான்கு நீர்மங்கள்: குருதி, கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். வாதம், பித்தம், கபம் என்ற நம் மூன்றோடு இதை ஒன்றாக்கிவிடக் கூடாது. சொற்கள் ஒத்துப்போனாலும் கணக்கு வேறு.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இன்று காய்ச்சல் என்பது ஓர் அறிகுறி, நோய் வேறொன்று. இந்தப் பார்வை உறுதியானது மிகச் சமீபத்தில்தான். ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிஷ் 1868இல் வெளியிட்ட உடல்வெப்ப ஆய்வு அதற்குப் பெரிய காரணம். ஹெராட்சி காலத்தில் காய்ச்சலே நோய். வெப்பமானி கிடையாது. கை வைத்துப் பார்க்கும் சூடு, நாடி, சிறுநீரின் நிறம், நோயாளியின் முகம், காய்ச்சல் வரும் நேரம், இவைதான் கருவிகள்.

சரி, இந்தக் கருவிகளோடு அவர் காய்ச்சலை எப்படிப் பிரித்தார்?

1. ஒருநாள் காய்ச்சல். வெயில், அதிகக் குளிர், களைப்பு, தூக்கமின்மை, கோபம், துக்கம் போன்றவற்றால் வருவது. உடலின் உள்ளுறுப்புகளையோ நீர்மங்களையோ கெடுக்காமல் மேலோட்டமாகத் தாக்கி, பெரும்பாலும் ஒரு நாளில் இறங்கிவிடும்.

2. பூசணக் காய்ச்சல். நீர்மங்கள் கெட்டுப்போவதால் வருவது. இன்று மலேரியா, டைஃபாய்டு என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் பல தொற்றுநோய்கள் இதற்குள் அடங்கும். நூலின் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான்.

3. உருக்கிக் காய்ச்சல். உடலின் கெட்டியான பாகங்களையே பிடித்துக்கொண்டு, ஆளை மெல்ல மெல்லக் கரைப்பது. நம் மொழியில் எலும்புருக்கி என்ற சொல் காசநோய்க்கு வந்தது போன்ற அதே கவனிப்பு இதிலும் இருக்கிறது. இந்த மருத்துவ மரபில் இதற்கு ஒரு விளக்கு உவமை உண்டு. முதல் கட்டத்தில் அகலில் இருக்கும் எண்ணெய் எரிகிறது. அடுத்த கட்டத்தில் திரி உறிஞ்சிய எண்ணெய் எரிகிறது. கடைசியில் திரியே எரிகிறது. முதல் கட்டத்தில் காப்பாற்றலாம். கடைசிக் கட்டத்தில் முடியாது. முன்கணிப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

மூன்று வகை என்ற பாகுபாடு ஹெராட்சி உண்டாக்கியதல்ல, கேலன் காலத்திலிருந்தே இருப்பது. அதற்குள் அவர் சேர்த்த சொல்லும் கவனிப்பும்தான் அடுத்த கேள்வி.

"பூசணம்" என்று அவர் சொன்னது கிருமியா?

கிரேக்க நூல்கள் "அழுகல்" என்று சொன்ன இடத்தில் ஹெராட்சி "போர்போஸ்" என்ற ஆர்மீனியச் சொல்லைப் போட்டார். ரொட்டியிலும் ஈரச் சுவரிலும் பிடிக்கும் பூசணத்துக்கு அதுதான் பேர். இதை வைத்துத்தான் "நுண்ணுயிரிகளை முன்கூட்டியே சொன்னார்" என்ற கூற்று பரவியது. அதை அப்படியே ஏற்க முடியாததற்குக் காரணங்கள்:

1. நுண்ணுயிரிகளைக் கண்ணால் பார்க்கவே 17ஆம் நூற்றாண்டில் லேவன்ஹூக்கின் லென்ஸ் தேவைப்பட்டது. ஒரு குறிப்பிட்ட கிருமி ஒரு குறிப்பிட்ட நோயைத் தருகிறது என்பதை நிரூபிக்க 19ஆம் நூற்றாண்டு ஆயிற்று. காசநோய்க் கிருமியை ராபர்ட் காஹ் அறிவித்தது 1882இல்.

2. ஹெராட்சி சொல்லும் பூசணம் நான்கு நீர்மங்களின் கணக்குக்குள் இயங்குகிறது. கேடு இரத்தக் குழாய்க்கு உள்ளே நடந்தால் விடாத காய்ச்சல், வெளியே நடந்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல். எந்த நீர்மம் கெட்டது என்பதைப் பொறுத்துக் காய்ச்சல் திரும்பி வரும் முறை மாறும். வெளியிலிருந்து நுழைந்து பெருகும் ஓர் உயிரி இந்த விளக்கத்துக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் இதோடு விட்டுவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். "அழுகல்" என்ற சொல் முடிவைச் சொல்கிறது. "பூசணம்" என்ற சொல் நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் பூசணம் பிடிக்கும், ஒரு புள்ளியில் தொடங்கிப் பரவும் என்பது எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். ஈர வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே கொதிப்பது போல, உடலுக்குள் கேடு பரவும்போது சூடு ஏன் ஏறுகிறது என்று இந்தச் சொல்லால் புரியவைக்க முடிந்தது. அரபு தெரியாத ஒரு கிராமத்து வைத்தியர் இந்த ஒரு சொல்லைக் கேட்டால் போதும், தானே மேற்கொண்டு யோசிக்கலாம். கிருமிக் கொள்கை என்ற பட்டத்தைவிட, இப்படிச் சரியான சொல்லைத் தேர்ந்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நாள் எண்ணும் வைத்தியம்

விட்டுவிட்டு வரும் காய்ச்சலை அந்தக் கால வைத்தியர்கள் நாள் எண்ணிப் பிரித்தார்கள். இந்தப் பாகுபாடு எவ்வளவு உறுதியானது என்பதை இன்றைய அறிவோடு வைத்துப் பார்க்கலாம்:

1. தினமுறை. நாள்தோறும் வருவது. கோழை கெட்டதால் வருகிறது என்றார்கள்.
2. மூன்றாம் முறை. ஒன்றுவிட்டு ஒரு நாள் வருவது. காய்ச்சல் வந்த நாளையும் சேர்த்து எண்ணுவதால் "மூன்றாம்" என்ற பெயர். மஞ்சள் பித்தம் காரணம் என்றார்கள்.
3. நான்காம் முறை. இடையில் இரண்டு நாள் விட்டு வருவது. கரும்பித்தம் காரணம் என்றார்கள்.

காரணம் தவறு. எண்ணிக்கை சரி. பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற மலேரியா ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களுக்குள் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகி வெடிக்கிறது. அதுதான் மூன்றாம் முறை. பிளாஸ்மோடியம் மலேரியே 72 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அது நான்காம் முறை. அந்த ஒட்டுண்ணியை லாவெரான் கண்டது 1880இல். கொசு வழியாகப் பரவுவதற்கான முக்கியச் சான்றை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல். அவர்களுக்கு ஏழு நூற்றாண்டு முன்னால், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து நாள் எண்ணியவர்கள் பிரித்து வைத்த கோடு அப்படியே நிற்கிறது.

நோயாளிக்கும் குடும்பத்துக்கும் இதனால் என்ன பயன்? குளிர்நடுக்கம் எந்த நாள் வரும் என்று தெரிந்தால், இடைப்பட்ட நாளில் சாப்பாடு கொடுத்துத் தேற்றலாம். மருந்தை எப்போது கொடுப்பது என்று முடிவெடுக்கலாம். நாளை மறுநாள் மீண்டும் வரும், ஆனால் போய்விடும் என்று வைத்தியர் சொன்னது பலித்தால், பயம் பாதி குறையும்.

சிகிச்சை: மூலிகை, பத்தியம், பாட்டு

மூலிகைக் கலவை, உணவுக் கட்டுப்பாடு, குளியல், குளிர்ந்த நீர் ஆகியவை அவருடைய சிகிச்சையின் தூண்கள். இதெல்லாம் அன்றைய பொதுவழக்கம்தான், ஆகவே நீட்ட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. துக்கத்தாலும் கவலையாலும் வரும் ஒருநாள் காய்ச்சலுக்கு, நோயாளியை விளையாட்டாலும் வேடிக்கைப் பேச்சாலும் மகிழ்விக்க வேண்டும் என்கிறார். பாணர்களின் பாட்டையும் நரம்பிசையையும் இனிய மெட்டுகளையும் முடிந்தவரை கேட்கச் செய்யச் சொல்கிறார். ஆர்மீனியாவில் இந்தப் பாணர்களுக்கு குசான் என்று பெயர். ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்கள். திருச்சபையின் கல்விச் சூழலில் வாழ்ந்த ஒரு வைத்தியர், மக்கள் பாட்டுக்காரரை நோயாளியின் படுக்கையருகே அழைக்கிறார்.

மனத்தின் நிலை உடலில் காய்ச்சலாக வரும் என்று ஒப்புக்கொண்டபின், மனத்துக்கும் மருந்து கொடுப்பதுதானே முறை? அவர் எழுத்தில் இந்த ஒழுங்கு தவறுவதில்லை. காரணம் எதுவோ, மருந்தும் அந்த இடத்தை நோக்கியே போகிறது.

ஏன் நாட்டுப்புற மொழியில்?

ஆர்மீனிய எழுத்து கி.பி. 405 அளவில் உருவானது. அப்போதிருந்து நூல்கள் கிராபார் என்ற செவ்வியல் நடையில் எழுதப்பட்டன. 12ஆம் நூற்றாண்டில் மக்கள் பேசிய மொழி அதிலிருந்து வெகுதூரம் போயிருந்தது. கற்றவர் எழுதினால் கிராபாரில்தான் எழுதுவார்.

ஹெராட்சி அப்படிச் செய்யவில்லை. கட்டற்ற, நாட்டுப்புறப் பேச்சில் எழுதியிருப்பதாகவும், படிக்கும் எவருக்கும் எளிதில் எட்ட வேண்டும் என்பதே காரணம் என்றும் முன்னுரையில் வெளிப்படையாகச் சொல்கிறார். அரபும் பாரசீகமும் கிரேக்கமும் தெரிந்த ஒருவர், திருச்சபைத் தலைவரின் ஆதரவு உள்ள ஒருவர், தன் புலமையைக் காட்ட எல்லா வாய்ப்பும் இருந்தும் கிராமத்துப் பேச்சைத் தேர்ந்தார். இன்று மத்திய ஆர்மீனியம் என்று அழைக்கப்படும் அந்த நடைக்கு இந்த நூல் ஒரு முக்கியச் சான்று. மருத்துவம் தெரியாத மொழியியல் அறிஞர்களும் இதைப் படிக்கிறார்கள்.

தலைப்புக்கும் அவரே விளக்கம் தருகிறார். வைத்தியருக்குக் கல்வியால் ஆறுதல், நோயாளிக்கு உடல்நலத்தால் ஆறுதல் என்பதால் இந்தப் பெயர். மெகிதார் என்றாலே ஆறுதல் தருபவர் அல்லவா, தன் பெயரையும் தலைப்புக்குள் வைத்துவிட்டார். இதில் வைத்தியருக்கும் ஆறுதல் தேவை என்று நினைத்ததுதான் அழகு. என்ன செய்வதென்று தெரியாமல் காய்ச்சல்காரரின் முன் நிற்கும் வைத்தியரின் தவிப்பை அவர் அறிந்திருந்தார்.

நூல் போன வழி

காய்ச்சல் நூல் தவிர கண்ணின் அமைப்பு உள்ளிட்ட வேறு சிலவற்றையும் அவர் எழுதினார். அவற்றில் சில பகுதிகளே எஞ்சின. காய்ச்சல் நூல் மட்டும் படியெடுக்கப்பட்டு நிலைத்தது. அதன் பயணத்தை இப்படி வரிசைப்படுத்தலாம்:

1. 13ஆம் நூற்றாண்டில் கிரிகோரிஸ் என்ற வைத்தியர் மனித உடலின் இயல்பையும் நோய்களையும் பற்றி விரிவாக எழுதினார். ஹெராட்சி தொடங்கிய வழி ஒருவரோடு நிற்கவில்லை என்பதற்கு அவர் சாட்சி.

2. 15ஆம் நூற்றாண்டில் அமாசியாவைச் சேர்ந்த அமிர்தோவ்லாத் வந்தார். உதுமானிய சுல்தான் இரண்டாம் மெகமதின் அரண்மனையில் வைத்தியராக இருந்தவர். 1478 முதல் 1482 வரை அவர் எழுதிய மருந்துப் பொருள் அகராதியின் பெயர் "அறியாதாருக்குப் பயனற்றது". ஒவ்வொரு மருந்துக்கும் பல மொழிப் பெயர்களைத் தருகிறது. அவரும் மக்கள் மொழியிலேயே எழுதினார். ஹெராட்சியைப் பெரிய ஆசான் என்ற மரியாதையோடு குறிப்பிடுகிறார்.

3. 1832இல் சான் லாசரோ தீவின் மெகிதாரிய துறவிகள் காய்ச்சல் நூலை வெனிஸில் அச்சிட்டார்கள். ஒரு மெகிதாரின் நூலை இன்னொரு மெகிதாரின் சீடர்கள் அச்சேற்றினார்கள்.

4. 1908இல் எர்ன்ஸ்ட் சைடல் என்ற ஜெர்மானிய மருத்துவரின் மொழிபெயர்ப்பு லைப்சிக்கில் வந்தது. ஹெராட்சிக்குக் கொஞ்சம் முந்தைய ஜெர்மானியத் துறவி ஹில்டகார்டின் மருத்துவ எழுத்தோடு ஒப்பிட்டு, இயற்கையை அறிந்த விதத்திலும் சொந்தச் சிந்தனையிலும் ஆர்மீனியரே மேல் என்று சைடல் எழுதினார். ஒரு ஜெர்மானியர் தன் நாட்டுப் புனிதையைவிட அயல்நாட்டவரை உயர்த்திச் சொன்னதால் அந்த மதிப்பீட்டுக்கு எடை கூடுதல்.

5. 1955இல் யெரெவானில் ரஷ்ய மொழிபெயர்ப்பு வந்தது. யெரெவான் மருத்துவக் கல்வி நிறுவனத்துக்கு ஹெராட்சியின் பெயர் சூட்டப்பட்டது 1989இல். 1995இல் அது பல்கலைக்கழகமானது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கே ஆங்கிலத்தில் பாடம் நடக்கிறது. கூடவே ஆர்மீனியமும் கற்கிறார்கள், ஏனென்றால் வார்டில் படுத்திருக்கும் நோயாளி பேசுவது அந்த மொழியைத்தான்.